பங்குனியில் மக்ரூன், மார்கழியில் வர்க்கி

வீட்டில் கேக்கும் ரொட்டியும் சுடும் வழக்கம் உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். இந்த ஆண்டு குரோசான் மடிக்கப் பழக வேண்டும், பிள்ளையின் பிறந்தநாளுக்கு மூன்றடுக்கு கேக் செய்ய வேண்டும் என்று அது நீளும். நானும் அப்படித்தான் எழுதி வந்தேன். இந்த ஆண்டு ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே, அதைச் செய்ய வேண்டிய தமிழ் மாதத்தையும் எழுதியிருக்கிறேன். பங்குனிக்குத் தூத்துக்குடி மக்ரூன். கோடை முழுவதும் பால் ரொட்டி. ஆடியில் பிளம் கேக்குக்குப் பழம் ஊறப்போடுவது. புரட்டாசியில் முட்டையில்லாத கேக். ஐப்பசி மழையில் ரவை கேக். மார்கழிக்கு ஊட்டி வர்க்கி.

மதுரையில் இருந்துகொண்டு பேக்கிங் செய்கிறவளுக்கு இதைவிட நல்ல முறை இல்லை என்று நினைக்கிறேன். நல்ல ஓவனை வாங்கிவிடலாம், நல்ல சாக்லேட்டை வரவழைத்துவிடலாம். அடுப்பங்கரையின் காற்றை எங்கும் வாங்க முடியாது. சித்திரையில் அது அனலாக இருக்கிறது, ஐப்பசியில் பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருக்கிறது. நாம் படிக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய அடுப்பங்கரைகளில் நின்று எழுதப்பட்டவை. அவர்கள் வெண்ணெயை வெளியில் எடுத்துவைத்து இளகவிடச் சொல்லும்போது மனத்தில் இருக்கும் வெப்பம் அது. நம் வீட்டில் அதே வெண்ணெய் அரை மணி நேரத்தில் எண்ணெயாக வழியும்.

இது சின்ன விஷயமில்லை. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரையின் கூரிய விளிம்புகள் வெண்ணெய்க்குள் நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழிகளைப் பிறப்பிப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் அந்த அறைகளைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. வெண்ணெய் 18 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால்தான் காற்றைப் பிடித்து வைக்கும். 28-ஐத் தாண்டினால் தளர்ந்து காற்றை விட்டுவிடும். அதனால் கோடையில் நான் வெண்ணெயைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, துண்டுகளாக நறுக்கி, அப்போதே அடிக்கத் தொடங்கிவிடுகிறேன். பாத்திரத்துக்கு அடியில் ஐஸ் தண்ணீர் வைத்த தட்டும் இருக்கும். நம் கடைச் சர்க்கரையின் பரல்கள் பெரியவை என்பதால் அதை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு எடுக்க வேண்டும். மாவாக அரைத்துவிட்டால் விளிம்பே இல்லாமல் போய்விடும்.

முட்டைக்கும் இதே கதைதான். அமெரிக்கச் செய்முறை ஒரு முட்டை என்றால் ஓடு நீங்கலாக 50 கிராம். நாமக்கல்லிலிருந்து நம் கடைகளுக்கு வருபவை பெரும்பாலும் அதைவிடச் சற்றுச் சிறியவை. ஒரு முட்டை போடும் பிஸ்கட்டில் இது தெரியாது. ஆறு முட்டை போடும் ஸ்பாஞ்ச் கேக்கில் ஏறக்குறைய அரை முட்டை குறைந்துவிடும். கப் அளவு இன்னும் மோசம். மாவை அள்ளும் விதத்தைப் பொறுத்து ஒரு கப் மைதா 120 கிராமும் இருக்கலாம், 140-ம் இருக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பூப்போட்ட கேக் டின்களை வாங்கும் முன் ஒரு டிஜிட்டல் தராசும், ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானியும் வாங்குங்கள். மேசை ஓவன்களில் குமிழ் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

இனி மக்ரூன். பட்டியலில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது அதுதான்.

என் பெரியம்மா தூத்துக்குடியில் இருக்கிறார். அங்கிருந்து யார் வந்தாலும் மக்ரூன் பொட்டலம் வரும். கூம்பு வடிவம், தந்த நிறம். கடித்தால் முதலில் மொறுமொறுப்பு, அடுத்த நொடி நாக்கில் ஒன்றும் இல்லை, முந்திரி வாசனை மட்டும் நிற்கும். அதில் இருப்பது மூன்றே பொருட்கள்: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. மைதா இல்லை, வெண்ணெய் இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை. ஐரோப்பாவில் இது பாதாமில் செய்யப்படும் பண்டம். தூத்துக்குடி இருக்கும் முத்துக்குளித்துறைக் கரைக்குப் போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் வந்தார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர்கள். இந்தக் கப்பல்களில் ஏதோ ஒன்றோடு வந்து, நம் கைக்கு எட்டும் முந்திரியோடு ஒட்டிக்கொண்ட பண்டம் இது. அந்த முந்திரி மரமே போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான்.

அந்த ஊர் பேக்கரி ஒன்றின் மாஸ்டரிடம் பெரியம்மா என்னை அழைத்துப்போனார். வீட்டில் செய்து பார்க்க ஆசை என்றதும் அவர் அளவு எதுவும் சொல்லவில்லை. “மழை மேகம் தெரிந்தால் முட்டையை உடைக்காதீர்கள் அம்மா” என்றார். அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் மொத்தச் செய்முறையும் அதில் இருக்கிறது. மக்ரூன் வேகும் பண்டம் என்பதைவிடக் காயும் பண்டம் என்பதே சரி. விறகு அடுப்பின் தணிந்த சூட்டில் மணிக்கணக்காக இருந்து, உள்ளே இருக்கும் ஈரமெல்லாம் போன பிறகுதான் அது மக்ரூன் ஆகிறது. சர்க்கரையோ காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. வெளியே ஈரக் காற்று இருந்தால், ஒரு பக்கம் நாம் காயவைப்போம், மறுபக்கம் அது உறிஞ்சும். மழை குறைந்து வெயில் காயும் அந்தக் கரையில் உப்பு விளைகிறது. அதே வெயில்தான் மக்ரூனுக்கும் உகந்ததாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மதுரையில் அதற்கு நிகரான மாதம் பங்குனி. வெயில் ஏறிவிடும், காற்றில் ஈரம் இராது. என் அளவு இது: வெள்ளைக்கரு 100 கிராம், அதாவது மூன்று முட்டை. பொடித்த சர்க்கரை 150 கிராம். முந்திரி 150 கிராம். முழு முந்திரி வேண்டியதில்லை, உடைந்த பருப்பே போதும். அதை ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்து, ரவைப் பதத்தில் நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து ஓடவிட்டால் முந்திரி எண்ணெய் கக்கும். எண்ணெய் பட்டால் நுரை அடங்கிவிடும். அதனால்தான் நுரை அடிக்கும் பாத்திரத்தை எலுமிச்சை மூடியால் துடைத்து உலரவிடுகிறேன். பிளாஸ்டிக் பாத்திரத்தை எடுக்கவே மாட்டேன், எவ்வளவு தேய்த்தாலும் அதில் பிசுக்கு தங்கியிருக்கும். மஞ்சள்கரு ஒரு துளி விழுந்தாலும் அந்த வெள்ளைக்கருவை ஆம்லெட்டுக்கு வைத்துவிட்டு வேறு முட்டை எடுப்பதே நல்லது.

வெள்ளைக்கருவைச் சில சொட்டு எலுமிச்சைச் சாறோடு மெதுவாக அடிக்கத் தொடங்க வேண்டும். முதலில் பெரிய குமிழிகள், சோப்புத் தண்ணீர் நிறம். பிறகு குமிழிகள் சிறுத்து, வெளுத்து, பீட்டரின் கம்பிகள் போகும் தடம் மேலே தெரியத் தொடங்கும். சர்க்கரை சேர்க்க வேண்டிய இடம் அது. அதற்கு முன்பே கொட்டினால் நுரை எழும்ப வெகுநேரமாகும். ஒவ்வொரு கரண்டியாகப் போட்டு, கரைந்த பிறகு அடுத்த கரண்டி. நடுநடுவே ஒரு துளியை விரல்களுக்கு இடையில் வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். நறநறவென்று தட்டுப்பட்டால் சர்க்கரை இன்னும் கரையவில்லை. கரையாத சர்க்கரை பின்னால் அடியில் பாகாகக் கசியும். கடைசியில் நுரை பளபளப்பாகும். பீட்டரைத் தூக்கிப் பிடித்தால் நுனி வளையாமல் நிற்கும். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாது. முந்திரித் தூளை அப்போதுதான் சேர்க்க வேண்டும். இனி பீட்டர் கூடாது. அகலமான கரண்டியால் அடியிலிருந்து மேலாக மடித்து மடித்துக் கலந்து, வெள்ளைத் திட்டு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

பட்டர் பேப்பர் மேல் கூம்பு கூம்பாகப் பிழிந்து, ஓவனை 100 டிகிரியில் வைத்து ஒன்றரை மணி நேரம். பிறகு ஓவனை அணைத்து, கதவைத் திறக்காமல் விடியும்வரை விட்டுவிடுகிறேன். தணியும் விறகு அடுப்புக்கு வீட்டில் கிடைக்கும் மாற்று இதுதான். காலையில் காகிதத்தைப் பிடித்து இழுத்தால் மக்ரூன் ஒட்டாமல் தானாக உருண்டு வர வேண்டும். ஒன்றை உடைத்துப் பார்த்தால் நடுவிலும் ஓரத்திலும் ஒரே வெண்மை, ஒரே உலர்வு. நடுவில் ஜவ்வு போல ஈரம் தெரிந்தால் இன்னும் ஒரு மணி நேரம் உள்ளே இருக்கட்டும். ஆறியவுடன் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டும். மிஞ்சும் மூன்று மஞ்சள்கருவும் அன்று மாலைக் கஸ்டர்டுக்கு. பெரியம்மாவுக்கு ஒரு டப்பா அனுப்பினேன். “ஊர் மக்ரூன் இன்னும் கொஞ்சம் இலேசாக இருக்கும்” என்று சொன்னார். முந்திரியை 130 கிராமாகக் குறைத்துச் செய்வதே அடுத்த பங்குனிக்கான குறிக்கோள்.

பால் ரொட்டி வேறு வகையான ஆசை. மக்ரூன் பண்டிகைக்கு, ரொட்டி தினப்படிக்கு. வாரத்துக்கு ஒரு ரொட்டி, கடையில் வாங்காமல், பிள்ளைகளின் காலை உணவுக்கு என்பதே நான் வைத்துக்கொண்ட இலக்கு. 2016-இல் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அங்கு விற்ற ரொட்டி, பன் வகைகளைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்ததாக அறிவித்தது. அந்த ஆண்டே புரோமேட்டை உணவில் சேர்க்க அரசு தடைவிதித்தது. மாவை வலுவாக்கி உப்பவைப்பதற்காகச் சேர்க்கப்பட்ட பொருள் அது. அந்தச் செய்திதான் என்னை மாவு பிசைய வைத்தது. எந்த மருந்தும் இல்லாமல், நம் மைதாவில், மென்மையான ரொட்டி வருமா என்று பார்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதம்.

வரும். இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும். முதலாவது மாவின் சூடு. இட்லி மாவு கோடையில் எவ்வளவு விரைவாகப் புளிக்கும் என்பது நமக்குத் தெரியும். ஈஸ்ட் போட்ட மாவும் அப்படித்தான். செய்முறையில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருக்கும், இங்கே முக்கால் மணியில் பொங்கி வழிந்துவிடும். அவசரமாகப் பொங்கிய மாவில் சுவை ஊறியிருக்காது, ஈஸ்ட் வாடைதான் மேலோங்கும். பிசைந்து முடிக்கும்போது மாவு 25 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது ரொட்டிக்காரர்களின் கணக்கு. அதற்கு அவர்கள் போடும் வழி எளிது. 25-ஐ மூன்றால் பெருக்கினால் 75. அதிலிருந்து மாவின் வெப்பம், அடுப்பங்கரையின் வெப்பம், பிசைவதால் ஏறும் சூடு மூன்றையும் கழித்தால் வருவது தண்ணீரின் வெப்பம். என் அடுப்பங்கரையில் வைகாசி மத்தியானம் மாவு 33, காற்று 35, கையால் பிசைவதற்கு 2. கழித்தால் மீதி 5. ஆகவே பால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே வர வேண்டும். ஈஸ்ட்டை வெதுவெதுப்பான பாலில் கரைக்கச் சொல்வது குளிர் நாட்டுக்கு நல்ல அறிவுரை. மதுரையில் அதைத் தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை மாவோடு நேரடியாகவே கலந்துவிடலாம், கரைக்கத் தேவையில்லை.

இரண்டாவது, மாவின் வலு. மைதா பாக்கெட்டின் பின்புறம் புரத அளவு அச்சிட்டிருக்கும். 100 கிராமுக்கு 10 அல்லது 11 கிராம் என்றிருந்தால் ரொட்டிக்கு ஆகும். அதற்குக் கீழே உள்ளது கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும். கடையில் நின்று அதைப் படித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. ஆட்டா மாவில் புரதம் அதிகம்தானே என்று கேட்பார்கள். ஆட்டாவைக் கல்லில் அரைக்கும்போது மாவுச்சத்து நிறையச் சிதைந்துவிடுகிறது. அதனால் தண்ணீரை அதிகமாகக் குடிக்கும். சப்பாத்தி மிருதுவாக வருவது அதனால்தான். ஆனால் தவிடு இருப்பதால் பசையத்தின், அதாவது மாவை இழுபட வைக்கும் புரதத்தின், இழைகள் அறுபடும், ரொட்டி உயரமாக எழாது. மூன்றில் ஒரு பங்கு ஆட்டா கலந்தால் மணமும் கிடைக்கும், உயரமும் அதிகம் குறையாது.

மென்மைக்கு ஜப்பானிலும் சீனத்திலும் கையாளும் முறை ஒன்றை எடுத்துக்கொண்டேன். 300 கிராம் மைதாவில் 20 கிராமை மட்டும் தனியே எடுத்து 100 மில்லி பாலில் கரைத்து, சிறு தீயில் 65 டிகிரிவரை கிளற வேண்டும். நமக்குப் பழக்கமான கஞ்சிப் பதம். கரண்டி போகும் இடத்தில் கோடு நிற்கும். வெந்த மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரொட்டி மூன்றாம் நாளும் காய்ந்துபோவதில்லை. இந்தக் கஞ்சி நன்றாகக் குளிர்ந்த பிறகு மீதி மைதா, 100 மில்லி குளிர்ந்த பால், 30 கிராம் சர்க்கரை, 5 கிராம் உப்பு, 4 கிராம் ஈஸ்ட் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, கடைசியில் 30 கிராம் வெண்ணெய். முதலில் கையெல்லாம் ஒட்டும். மேலும் மாவைத் தூவக் கூடாது, பிசைந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் மாவு கையை விட்டுப் பாத்திரத்தையும் விட்டு ஒரே உருண்டையாகும். சிறு துண்டு கிள்ளி, நான்கு விரல்களால் மெல்ல விரித்து, சன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். கிழியாமல் விரிந்து, மறுபுறத்து வெளிச்சமும் விரல் நிழலும் அதன் வழியே தெரிந்தால் பிசைந்தது போதும். இருமடங்கு பொங்கியதும் உருட்டி டின்னில் வைத்து, விளிம்பை எட்டும்வரை மறுபடி பொங்கவிட்டு, 180 டிகிரியில் அரை மணிக்குச் சற்று மேல். சூட்டோடு வெட்டினால் பிசுபிசுக்கும். பிள்ளைகளை முழுதாக ஒரு மணி நேரம் காக்கவைப்பதுதான் இந்தச் செய்முறையிலேயே கடினமான கட்டம்.

பிளம் கேக் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது எல்லார் வீட்டிலும் பேசி முடிந்த விஷயம். தலச்சேரியில் பிஸ்கட் தொழில் நடத்திய மம்பள்ளி பாபு 1883-இல், அஞ்சரக்கண்டித் தோட்டத்தின் பிரவுன் துரை கொண்டுவந்து கொடுத்த இங்கிலாந்து கேக்கை ருசி பார்த்து, அதுபோல் ஒன்று செய்து கொடுத்தார் என்பது அந்த ஊரில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் வரலாறு. பிராந்தி சேர்க்கச் சொன்ன இடத்தில் அவர் முந்திரிப் பழத்திலும் வாழைப்பழத்திலும் இறக்கிய உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தாராம். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். வந்த செய்முறையை அவர் மதித்தார், ஆனால் அதற்கு அடிமையாகவில்லை. எங்கள் வீட்டில் மது சேர்ப்பதில்லை. திராட்சைச் சாற்றில் ஊறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவோம். இந்த ஆண்டு நான் கவனம் செலுத்தப்போவது சர்க்கரையைக் கருக்குவதில். கேக்கின் நிறம் கொக்கோவிலிருந்து வரக் கூடாது, கருகிய சர்க்கரையிலிருந்து வர வேண்டும். பொன்னிறம் தாண்டி, செம்மை தாண்டி, புகை லேசாக எழும் நொடியில் கொதிக்கும் தண்ணீரை ஓரமாக ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் பாகு வெடித்துத் தெறிக்கும். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

புரட்டாசியில் எங்கள் வீட்டில் முட்டை இல்லை. முன்பெல்லாம் அந்த மாதம் ஓவன் ஓய்வெடுக்கும். இப்போது அதையே பயிற்சி மாதமாக்கிக்கொண்டேன். முட்டை இல்லாத கேக்குக்குப் பலரும் கண்டென்ஸ்டு மில்க்கைத்தான் நம்புகிறார்கள். இனிப்புத் திகட்டும் என்பதால் எனக்கு அதில் விருப்பம் குறைவு. புளித்த தயிரும் சமையல் சோடாவும் சேர்ந்தால் வரும் நுரைதான் என் வழி. அரை கப் தயிருக்குக் கால் தேக்கரண்டி சோடா போதும். மீறினால் சோப்பு ருசி தட்டும். கலந்த உடனே ஓவனுக்குப் போக வேண்டும், ஏனென்றால் அந்த வாயு காத்திருக்காது. தயிர் கேக்கில் பாதிச் சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி போடலாம். சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, மண்ணை நீக்கிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

கொண்டைக்கடலை வெந்த தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவைப் போல நுரைக்கும். 2014-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் ரோசல் இதை வெளியிட்டபோது உலகெங்கும் பலர் வியந்தார்கள். சுண்டலுக்கு வேகவைத்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, குளிரவைத்து அடித்தால் நுரை நன்றாக நிற்கிறது. நவராத்திரி பெரும்பாலும் புரட்டாசியிலேயே தொடங்குவதால் கொலுச் சுண்டலுக்குக் குக்கர் ஏறும் நாளில் இந்தத் தண்ணீர் சும்மா கிடைக்கும். இதைக் கொண்டு மக்ரூன் செய்தால் பெரியம்மா ஏற்றுக்கொள்ள மாட்டார். ஆனால் முட்டை சாப்பிடாத என் தோழிக்காக அதைச் செம்மைப்படுத்திவிட வேண்டும் என்று உறுதியாக இருக்கிறேன். காய்வதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது, கூம்பு சற்றுத் தட்டையாகிறது. முந்திரியை நுண்ணியதாக்கினால் சரியாகும் என்று தோன்றுகிறது.

ஐப்பசி வந்துவிட்டால் உலர்ந்த பண்டம் எதையும் நினைக்கக் கூடாது. அந்த மழைக்கு ஏற்றவை ரவை கேக்குகள். ரவை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், வெளிக்காற்றால் அதற்கு ஒன்றும் ஆகாது. புதுச்சேரியில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் விவிக்கம் கேக்கில் மைதாவின் இடத்தில் ரவை, கூடவே வெண்ணெய், முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய உலர்திராட்சை. கடலைத் தாண்டினால் இலங்கையில் லவ் கேக். அதிலும் ரவைதான். பொடியாக நறுக்கிய முந்திரி, தேன், பன்னீர், ஏலக்காய், ஜாதிக்காய், பாகில் ஊறிய நீற்றுப் பூசணித் துண்டுகள். ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர், மறுபக்கம் போர்த்துகீசியரும் டச்சுக்காரர்களும் இருந்த தீவு. இரு கரையிலும் முந்திரியும் ரவையும் ஒரே கேக்குக்குள் வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது, எல்லா நல்ல கேக்கும் மைதாவிலிருந்துதான் வரும் என்ற எண்ணம் எனக்கு விட்டுப்போனது. இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் செய்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்க்கப்போகிறேன். லவ் கேக்குக்கு 150 டிகிரி போதும். மேலே நிறம் ஏறி, உள்ளே பிசுபிசுப்பான ஈரம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். குச்சி குத்திப் பார்த்து உலர்ந்து வரட்டும் என்று காத்திருந்தால் அது வெறும் ரவை கேக் ஆகிவிடும். நீற்றுப் பூசணிக்குக் கடைகளில் கிடைக்கும் பூசணி மிட்டாயே போதும், மேலே இருக்கும் சர்க்கரைப் பூச்சைக் கழுவிவிட்டு நறுக்கிக்கொள்ளலாம்.

வர்க்கிதான் இந்தப் பட்டியலில் இன்னும் கை வைக்காதது. ஊட்டிக்குப் போய்வந்தவர்கள் கையில் ஒரு பை வர்க்கி இருக்கும். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மைதாவைக் கொழுப்போடு அடுக்கடுக்காக மடித்து, விறகு அடுப்பில் சுடுவது. நீலகிரிக் குளிரில் கொழுப்பு உருகாமல் அடுக்கு அடுக்காகவே நிற்கும். இங்கே சித்திரையில் அதை மடித்தால் மாவும் கொழுப்பும் ஒன்றாகிவிடும். ஈஸ்ட்டுக்குப் பதிலாக ரவை, வாழைப்பழம், சர்க்கரை, மைதா சேர்த்துப் புளிக்கவைக்கும் மாவா என்ற கூட்டை அங்கே பயன்படுத்துகிறார்கள். வர்க்கியின் மணத்துக்குக் காரணம் அது என்றே நம்புகிறேன். அதனால் ஈஸ்ட் போட்டுச் செய்து வர்க்கி என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்கழி அதிகாலையில் மதுரையில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். கோலம் போட எழும் நேரத்துக்கே எழுந்து, வெயில் ஏறும் முன் மூன்று மடிப்பையும் முடித்துவிடலாம் என்பது திட்டம். வனஸ்பதி வேண்டாம், உப்பில்லாத வெண்ணெய். மடிப்புக்கு மடிப்பு அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில். மாவாவைக் கார்த்திகை தீபம் முடிந்த வாரமே தொடங்கி, இரண்டு மூன்று முறை புதுப்பித்து வைத்துக்கொள்ள வேண்டும். வாழைப்பழத்துக்கு எங்கள் பக்கத்து நாட்டுப்பழம் ஒத்துவருமா, மலை வாழைதான் வேண்டுமா என்பதைச் செய்துதான் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரு கிண்ணம் போட்டு வைக்கிறேன். சிறுமலைப் பழம் சந்தையில் கிடைக்கும் நாளாகப் பார்த்து வாங்கி வரும்படி வீட்டில் இப்போதே சொல்லியாயிற்று.